நன்றாக ஆடியவர்தான் நல்ல கோச் ஆகிறாரா? அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து பற்றி ஒரு விவாதம்

வைகறை எழுதியது:

2024 ஏப்ரலில் ஐயோவா, சவுத் கரோலினா பல்கலைக்கழக அணிகள் மோதிய தேசிய இறுதி ஆட்டத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். ஐயோவாவின் நட்சத்திர ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க்குக்காகத்தான் பெரும்பாலானோர் உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் சுமார் 1.9 கோடிப் பேர் பார்த்தார்கள், அந்த வருடத்து ஆண்கள் இறுதி ஆட்டத்தைவிட அதிகம். ஆனால் 87-75 என்று ஜெயித்தது டான் ஸ்டேலி கோச்சாக இருக்கும் சவுத் கரோலினா அணி. அந்த சீசனில் 38 ஆட்டம், 38 வெற்றி, ஒரு தோல்வி கிடையாது.

அன்றிலிருந்து ஸ்டேலியைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். வட பிலடெல்பியாவில் அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். ஐந்தடி ஆறங்குல உயரம்தான். பையன்களோடு மோதி மோதி ஆடக் கற்றவர். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1988 முதல் 1992 வரை பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். மூன்று வருடம் தொடர்ந்து ஃபைனல் ஃபோர், அதாவது தேசியப் போட்டியின் அரையிறுதி வரை போனார், ஒரு தடவைகூட கோப்பை கிடைக்கவில்லை. 1991 இறுதி ஆட்டத்தில் 28 புள்ளி, 11 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தும் ஓவர்டைமில் டென்னஸியிடம் 70-67 என்று தோற்றார்கள். தோற்ற அணியில் இருந்தும் அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் போனது. அப்புறம் 1996, 2000, 2004 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம், ஏதென்ஸில் அமெரிக்காவின் கொடியை ஏந்தி முன்னால் நடந்தவரும் அவர்தான்.

என் கேள்வி இதுதான். இவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தது கோச் ஆனபோது அவருக்கு எவ்வளவு உதவியது? இல்லை, அது வேறு திறமை, இது வேறு திறமையா? ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.

மூன்றுபுள்ளி எழுதியது:

என்னைக் கேட்டால் அது வேறு, இது வேறு. ஜீனோ ஆரியம்மாவைப் பாருங்கள். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் கோச்சாக 12 தேசியக் கோப்பை, கடைசியாக 2025-ல் வாங்கியது. 2014-லிருந்து 2017 வரை தொடர்ந்து 111 வெற்றி. இத்தாலியில் பிறந்து, ஏழு வயதில் ஆங்கிலம் தெரியாமல் பென்சில்வேனியாவுக்கு வந்து இறங்கியவர். ஆட்டக்காரராக அவரை யாருக்கும் தெரியாது. 1985-ல் அவர் பொறுப்பேற்றபோது கனெக்டிகட்டையும் யாருக்கும் தெரியாது. முதல் சீசன் 12 வெற்றி, 15 தோல்வி. அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட தோல்விக் கணக்கு மேலோங்கியதில்லை.

பயிற்சி மைதானத்தில் எதைக் கண்டுபிடித்துத் திருத்துவது என்ற கண் வேண்டும். அது ஆடியதால் வருவதில்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

மூன்றுபுள்ளி, ஆரியம்மா கனெக்டிகட் வருவதற்கு முன் எங்கே வேலை கற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வர்ஜீனியாவில் டெபி ரயனுக்கு உதவி கோச்சாக நான்கு வருடம். அதே டெபி ரயன்தான் பின்னாளில் ஸ்டேலியின் கோச். கனெக்டிகட்டில் முதல் நாளிலிருந்து அவர் பக்கத்தில் இருப்பவர் கிறிஸ் டெய்லி, 1982-ல் ரட்கர்ஸ் அணியில் ஆடி தேசியக் கோப்பை வாங்கியவர். நாற்பது வருடமாக ஆட்டக்காரிகளின் ஒழுக்கம், நடை, உடை, படிப்பு எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பவர் அந்தம்மாதான் என்று அவர்களிடம் ஆடியவர்களே சொல்வார்கள். தான் பெரிதாக ஆடாதவர், பக்கத்தில் ஆடிய ஒருவரை வைத்துக்கொண்டார் என்றுதான் நான் பார்க்கிறேன்.

இன்னொன்று. இந்த விவாதத்தில் பேட் சம்மிட் பெயர் வராமல் எப்படி?

வைகறை எழுதியது:

வரட்டும், நீங்களே ஆரம்பியுங்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

சரி, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்மிட் டென்னஸியில் விவசாயக் குடும்பத்துப் பெண். ஊர்ப் பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்று அவர் ஆடுவதற்காகவே குடும்பம் பக்கத்து ஊருக்கு வீடு மாறியது. மார்ட்டின் நகரில் இருந்த சிறிய கல்லூரியில் ஆடினார். கடைசி வருடம் முழங்கால் லிகமென்ட் கிழிந்துபோனது. அந்தக் காலத்தில் அதோடு ஆட்டம் முடிந்தது என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். அவருடைய அப்பா விடவில்லை, என் பெண் ஒலிம்பிக் போகப் போகிறாள், காலைச் சரிபண்ணுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார்.

1974-ல் டென்னஸி பல்கலைக்கழகத்துக்கு மேல்படிப்புக்கு வருகிறார், உதவி கோச்சாக இருக்கலாம் என்று. வந்த இடத்தில் தலைமை கோச் விடுப்பில் போய்விட, 22 வயதில் அணி அவர் கையில். மாதம் 250 டாலர். ஆட்டக்காரிகளில் சிலர் அவரைவிட ஒன்றிரண்டு வயதுதான் இளையவர்கள். வேனை அவரே ஓட்டினார், யூனிஃபார்மை அவரே துவைத்தார், அந்த யூனிஃபார்ம் வாங்கவே டோனட் விற்றுக் காசு சேர்த்தார்கள். முதல் ஆட்டம் மெர்சர் கல்லூரியிடம் ஒரே புள்ளியில் தோல்வி, 84-83.

இதையெல்லாம் செய்துகொண்டே மேல்படிப்பும் படித்தார், வகுப்பும் எடுத்தார், அறுவை செய்த முழங்காலைத் தேற்றி 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி வாங்கினார். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் வந்ததே அந்த வருடம்தான். எட்டு வருடம் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் அதே அமெரிக்க அணிக்குக் கோச்சாகத் தங்கம். டென்னஸியில் 38 வருடம், 1098 வெற்றி, 8 கோப்பை, ஒரு சீசன்கூட தோல்விக் கணக்கில் முடியவில்லை.

ஆடியது உதவியதா என்று வைகறை கேட்கிறார். அவர் வைத்த விதிகளைப் பாருங்கள். வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும், வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது. அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த ஒவ்வொரு பெண்ணும் பட்டம் வாங்கினார். தான் ஆடிய காலத்தில் இந்த ஆட்டத்தில் சம்பாதிக்க வழியே இல்லை என்பது அவருக்கு உடம்பில் ஊறியிருந்தது. படிப்பை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்று தெரிந்தவர் வைக்கும் விதி அது.

குறிஞ்சி எழுதியது:

பாலாற்றங்கரை அக்கா, மிக்க நன்றி. அந்த முழங்கால் கதை எனக்குத் தெரியாது. எனக்கும் அதே லிகமென்ட் போய், இப்போது நடக்கவே பழகிக்கொண்டிருக்கிறேன். மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்து யோசித்து வைக்கிற நிலை. 1974-ல், இன்றைக்கு இருக்கிற அறுவை முறையெல்லாம் இல்லாதபோது, அவர் அதிலிருந்து மீண்டு ஒலிம்பிக் ஆடினார் என்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றுபுள்ளி எழுதியது:

சம்மிட்டின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய ஆட்டக்காரிகளை அதே நாற்காலியில் உட்கார வைத்தபோது என்ன நடந்தது? ஹாலி வார்லிக், சம்மிட்டிடம் ஆடியவர், அப்புறம் பல்லாண்டு உதவி கோச், 2012-ல் தலைமை, 2019-ல் வேலையை விட்டு நீக்கினார்கள். கெல்லி ஹார்ப்பர், 1996, 97, 98 என்று தொடர்ந்து மூன்று கோப்பை வாங்கிய பாயின்ட் கார்டு, 2019-ல் வந்தார், 2024-ல் அவரையும் நீக்கினார்கள். ஆடிய பெருமையும் உதவவில்லை, அந்த அம்மாவிடம் கற்ற பெருமையும் உதவவில்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

தம்பி, அது கொஞ்சம் அநியாயமான அளவுகோல். 2011-ல் அல்சைமர் என்று கண்டறிந்து, அதை வெளிப்படையாக அறிவித்துவிட்டு இன்னொரு சீசன் கோச்சாக இருந்துவிட்டு, 2012-ல் சம்மிட் விலகுகிறார். அந்த ஒரு சீசன் வேலையில் பெரும்பகுதியைச் சுமந்தவர் வார்லிக். தன் கோச்சை, தோழியை, நோய் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே அணியை நடத்தியவர். 2016-ல் சம்மிட் போய்ச் சேர்ந்தார். அதற்குள் கனெக்டிகட், பெய்லர், நோட்டர் டாம், சவுத் கரோலினா எல்லாம் எங்கோ போய்விட்டன. யார் வந்திருந்தாலும் சிரமம்தான்.

கொலம்பியாவாசி எழுதியது:

ஸ்டேலி பற்றி ஆரம்பித்த இழை என்பதால் எட்டிப் பார்த்தேன். நான் சவுத் கரோலினாவில் கொலம்பியாவில் இருக்கிறேன், குடும்பத்தோடு அவர்களுடைய உள்ளூர் ஆட்டங்களுக்குப் போகிற வழக்கம். 18,000 பேர் உட்காரும் அரங்கம். இப்போது டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு. 2008-ல் ஸ்டேலி வந்த முதல் சீசன் 10 வெற்றி, 18 தோல்வி, அப்போது வந்தவர்கள் காலி நாற்காலிகளைப் பற்றிச் சொல்வார்கள்.

அருகிலிருந்து கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். எதிரணி பந்தோடு வரும்போது ஸ்டேலி பெரும்பாலும் பந்தைப் பார்ப்பதில்லை. பந்து இல்லாத பக்கத்தில் நிற்கும் தன் ஆட்டக்காரியின் காலைப் பார்க்கிறார், முழங்கால் மடங்கியிருக்கிறதா, எடை எந்தப் பாதத்தில் இருக்கிறது என்று. கொஞ்சம் நிமிர்ந்து நின்றால் உடனே கை தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அடுத்த நொடி பந்து அந்தப் பக்கம்தான் வருகிறது. பந்து எங்கே போகப் போகிறது என்று முன்னாலேயே தெரிவது பாயின்ட் கார்டாக ஆடிய கண். மூன்றுபுள்ளி இதை என்ன சொல்வார் என்று தெரியவில்லை, நான் ஆடியதால் வந்தது என்றே சொல்வேன்.

அவருக்குக் கோச் ஆகும் எண்ணமே இருந்ததில்லை என்பதும் உண்மை. 2000-ல் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர்தான் விடாமல் பேசி இழுத்தார். குளிர்காலத்தில் டெம்பிளில் கோச், கோடையில் பெண்களுக்கான தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஆட்டக்காரி, இப்படியே ஆறு வருடம். 2004 ஒலிம்பிக் தங்கம் வாங்கியபோதும் அவர் கல்லூரி கோச். டெம்பிளில் 172 வெற்றி, 80 தோல்வி. மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே உத்தியை அடுத்த மாதம் தானே மைதானத்தில் இறங்கிச் செய்து பார்க்கிற வாய்ப்பு வேறு எந்த கோச்சுக்குக் கிடைத்தது?

வைகறை எழுதியது:

அருமை. 1992-ல் அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம் என்ன ஆனது? அதைப் பற்றி எங்கும் விவரமாகப் படிக்கவில்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

அரையிறுதியில் ஸ்டான்ஃபோர்டிடம் 66-65. ஒரே புள்ளி. அன்று எதிர்ப்பக்கத்தில் இருந்த கோச் டாரா வான்டர்வீர்.

அதே வான்டர்வீர் 1995-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு அமெரிக்க அணிக்குக் கோச்சாகிறார். ஸ்டேலி அந்த அணியின் பாயின்ட் கார்டு. ஊர் ஊராக, நாடு நாடாக ஆடி, அட்லாண்டா ஒலிம்பிக்கையும் சேர்த்து 60 ஆட்டம், 60 வெற்றி. தன் கல்லூரிக் கனவை ஒரு புள்ளியில் முடித்துவைத்தவரிடமே ஒரு வருடம் முழுக்க ஆடிக் கற்றிருக்கிறார். 2021-ல் அரையிறுதியில் திரும்பவும் அதே இருவர், இந்தத் தடவை இருவரும் கோச். திரும்பவும் ஸ்டான்ஃபோர்ட் ஒரே புள்ளியில் ஜெயித்தது, 66-65. அதே ஸ்கோர்!

குறிஞ்சி எழுதியது:

அதே ஸ்கோரா? 29 வருடம் கழித்து?

பாலாற்றங்கரை எழுதியது:

ஆமாம், அதே ஸ்கோர்தான்.

வான்டர்வீர் ஆட ஆரம்பித்த கதையும் சொல்லத்தக்கது. சின்ன வயதில் பையன்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இருப்பதிலேயே நல்ல பந்தாகப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார், அந்தப் பந்து வேண்டுமானால் அவரையும் சேர்த்துக்கொண்டாக வேண்டும். நம் தெருவில் பேட் வைத்திருக்கிற பையனை யாராலும் அவுட் ஆனாலும் அனுப்ப முடியாதே, அப்படி. பிறகு இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆடினார். அங்கே ஆண்கள் அணிக்குக் கோச் பாபி நைட். அவருடைய பயிற்சியை ஓரமாக உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் கோச்சிங் கற்றார். பெண்கள் அணிக்கு அப்படிப் பார்த்துக் கற்க ஆளில்லாத காலம். ஐடஹோ, ஒஹையோ, அப்புறம் 1985-லிருந்து ஸ்டான்ஃபோர்ட். 2024-ல் ஓய்வு பெறும்போது 1216 வெற்றி, கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண், பெண் இரண்டு பக்கமும் சேர்த்து அன்றைக்கு அதுதான் அதிகம். சில மாதத்தில் ஆரியம்மா அதைத் தாண்டினார்.

செங்காந்தள் எழுதியது:

கிம் மல்கியைப் பற்றி யாருமே பேசவில்லை. அவர் நடத்தை எனக்குப் பல விஷயங்களில் ஒப்புதல் இல்லை, இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. லூசியானா டெக்கில் இரட்டைப் பின்னலோடு ஆடிய குட்டைப் பாயின்ட் கார்டு. ஆடிய நான்கு வருடத்தில் 130 வெற்றி, 6 தோல்வி. 1984 ஒலிம்பிக்கில் சம்மிட்டின் கீழ் தங்கம். அதே கல்லூரியில் 15 வருடம் உதவி கோச். தலைமைப் பதவி வந்தபோது ஒப்பந்தக் காலத்தில் இழுபறியாகி, 2000-ல் பெய்லருக்குப் போனார். முந்தைய சீசனில் 7 வெற்றி மட்டும் பெற்ற அணி அது. ஐந்தே வருடத்தில் தேசியக் கோப்பை. பெய்லரில் மூன்று, 2023-ல் எல்.எஸ்.யூ.வில் (லூசியானா ஸ்டேட்) ஒன்று. ஆட்டக்காரியாக, உதவி கோச்சாக, தலைமை கோச்சாக மூன்று நிலையிலும், கல்லூரி விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் கோப்பையை வாங்கிய முதல் ஆள் அவர்.

மல்கி ஆடி வாங்கிய 1982 கோப்பைதான் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்காக நடத்திய முதல் போட்டி. அதற்கு முன் பெண்களுக்கென்று தனி அமைப்பு நடத்திவந்தது, அந்த வருடமும் அது தனியாக நடத்திய போட்டியில்தான் ரட்கர்ஸ் ஜெயித்தது. என்.சி.ஏ.ஏ. இறுதி ஆட்டத்தில் தோற்றது யார் தெரியுமா? செய்னி ஸ்டேட், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய சிறிய கல்லூரி. கோச் விவியன் ஸ்ட்ரிங்கர்.

குறிஞ்சி எழுதியது:

ஸ்ட்ரிங்கர் பற்றிச் சொல்லுங்களேன், பெயர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

செங்காந்தள் எழுதியது:

பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். அவர் படித்த பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்து அணியே கிடையாது. ஸ்லிப்பரி ராக் கல்லூரிக்குப் போன பிறகுதான் கூடைப்பந்து, ஹாக்கி, சாஃப்ட்பால், டென்னிஸ் என்று எல்லாம் ஆடினார். ஆரம்பத்தில் செய்னியில் ஊதியமில்லாமல் கோச்சாக இருந்தார். 1981-ல், அந்த இறுதி ஆட்டத்துக்குச் சில மாதம் முன்பு, அவருடைய கைக்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. மருத்துவமனைக்கும் மைதானத்துக்குமாக ஓடிக்கொண்டே அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். பிறகு ஐயோவாவில் கணவரை இழந்தார், அந்த சீசனிலேயே 1993 ஃபைனல் ஃபோர். அப்புறம் ரட்கர்ஸை 2000, 2007 இரண்டு தடவை. மூன்று வெவ்வேறு கல்லூரிகளை ஃபைனல் ஃபோருக்குக் கொண்டுபோன முதல் கோச் அவர். 2022-ல் ஓய்வு பெறும்போது 1055 வெற்றி, ஆனால் தேசியக் கோப்பை ஒன்றுகூட இல்லை. ஸ்டேலிக்கு நிறைந்த அரங்கம் கிடைக்கிறது என்றால் அதற்கு முன்னால் வழி வெட்டியவர்களில் இவர் முதல் வரிசை. என் மனதில் இவருக்கு மேல் யாரும் இல்லை, இதை யார் மறுத்தாலும் சண்டைக்கு வருவேன்.

கொலம்பியாவாசி எழுதியது:

சண்டையே வேண்டாம், ஸ்டேலியே அதைப் பல மேடைகளில் சொல்கிறவர்தான். 1999-ல் பர்டியூவில் கோப்பை வாங்கிய கரோலின் பெக், அப்படி வாங்கிய முதல் கறுப்பினப் பெண் கோச். ஜெயித்த அணி கூடையின் வலையை அறுத்து எடுப்பது அங்கே வழக்கம். அந்த வலையில் ஒரு துண்டை பெக் ஸ்டேலியிடம் கொடுத்து, நீ ஒரு கோப்பை வாங்கியதும் திருப்பிக் கொடு என்றார். 2017-ல் வாங்கினார். அப்புறம் தன் வலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, நாட்டில் உள்ள கறுப்பினப் பெண் கோச்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார்.

மூன்றுபுள்ளி எழுதியது:

நல்ல விஷயம்தான். ஆனால் இவர்கள் எல்லோரும் உச்சியில் இருப்பவர்கள். மொத்தமாகப் பார்த்தால் நிலவரம் வேறு. 1972-ல் கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரும் டைட்டில் நைன் சட்டம் வந்தபோது கல்லூரிப் பெண்கள் அணிகளுக்குக் கோச் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள்தான், எல்லா விளையாட்டையும் சேர்த்து. இன்றைக்குப் பாதிக்கும் கீழ். சம்பளம் வந்ததும் ஆண்கள் வந்துவிட்டார்கள். ஆடிய அனுபவம்தான் முக்கியம் என்று கல்லூரிகள் நினைத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?

பாலாற்றங்கரை எழுதியது:

இதில் உன்னோடு முழுக்க ஒத்துப்போகிறேன் தம்பி, எனக்கு வயிறு எரிகிற இடமும் இதுதான். மேரியன் ஸ்டான்லி என்று ஒருவர். எழுபதுகளின் தொடக்கத்தில் கோப்பை மேல் கோப்பையாக வாங்கிய இம்மாகுலேட்டா என்ற சிறிய கத்தோலிக்கக் கல்லூரியில், கேத்தி ரஷ் என்ற கோச்சிடம் ஆடியவர். கன்னியாஸ்திரீகள் வாளியைத் தட்டி உற்சாகப்படுத்துவார்களாம். ஸ்டான்லி கோச்சாகி ஓல்ட் டொமினியனில் மூன்று தேசியக் கோப்பை வாங்கினார். பிறகு யு.எஸ்.சி.யில் (சதர்ன் கலிஃபோர்னியா) இருந்தபோது, 1993-ல், ஆண்கள் அணி கோச்சுக்குக் கொடுப்பதை எனக்கும் கொடுங்கள் என்று கேட்டார். வேலை போனது, வழக்குப் போட்டார், தோற்றார். இத்தனைக்கும் தேசியக் கோப்பை வைத்திருந்தது அவர்தான், அந்த ஆண் கோச் இல்லை. மீண்டும் வேலைக்கு வந்தது 1995-96-ல், வான்டர்வீர் ஒலிம்பிக்குக்குப் போன அந்த ஒரு வருடம் ஸ்டான்ஃபோர்டை இன்னொருவரோடு சேர்ந்து நடத்த.

ஸ்டேலிக்கு 2021-ல் ஏழு வருடத்துக்கு 2.24 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஸ்டான்லிதான்.

செங்காந்தள் எழுதியது:

2019-ல் நோட்டர் டாம் கோச் மஃபெட் மெக்ரா இதையே வெளிப்படையாகப் பேசினார், இனி என் உதவி கோச்களில் ஆணை எடுக்க மாட்டேன் என்று. வாங்கிக் கட்டிக்கொண்டார், பின்வாங்கவில்லை. அடுத்த வருடம் ஓய்வு பெற்றபோது பொறுப்பு போனது நியெல் ஐவியிடம், 2001-ல் மெக்ரா வாங்கிய முதல் கோப்பையில் பாயின்ட் கார்டு. மூன்றுபுள்ளிக்கு ஒரு விவரம்: ஐயோவாவிலும் அப்படித்தான். அங்கே கோச்சாக இருந்த லிசா ப்ளூடர் 2024-ல் போனதும் வந்த ஜேன் ஜென்சன், ட்ரேக் கல்லூரியில் கடைசி வருடம் ப்ளூடரிடம் ஆடியவர், அந்த வருடம் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். பல்லாண்டு உதவி கோச்சாக இருந்த பிறகுதான் முதல் நாற்காலி கிடைத்தது.

மூன்றுபுள்ளி எழுதியது:

பல்லாண்டு உதவி கோச் என்று நீங்களே சொல்கிறீர்கள் பாருங்கள். மல்கி 15 வருடம், ஜென்சன் அதைவிட அதிகம். கோச்சாக்கியது அந்த வருடங்கள், ஆடிய நான்கு வருடம் இல்லை. என் கட்சி அதுதான்.

வைகறை எழுதியது:

ஸ்டேலி எந்தக் கல்லூரியிலும் ஒருநாள்கூட உதவி கோச்சாக இருந்ததில்லையே மூன்றுபுள்ளி? சம்மிட்டும் நேராகத் தலைமைதான். அவர்களுக்கு அந்த வருடங்கள் எங்கிருந்து வந்தன?

மூன்றுபுள்ளி எழுதியது:

அந்த இருவரும் விதிவிலக்கு. டென்னஸியில் இப்போது இருக்கும் கிம் கால்டுவெல்லைப் பாருங்கள். க்ளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் ஆடி, அங்கேயே கோச்சாகி, 2022-ல் இரண்டாம் பிரிவுக் கோப்பை வாங்கி, மார்ஷலில் ஒரே ஒரு வருடம், அப்புறம் 2024-ல் நேராக டென்னஸி. ஐந்தைந்து பேராக ஒரேயடியாக மாற்றி மாற்றி இறக்கும் முறை அவருடையது. சம்மிட்டிடம் ஆடாதவர் அந்த நாற்காலியில் உட்கார்வது இத்தனை வருடத்தில் இதுவே முதல் தடவை.

பாலாற்றங்கரை எழுதியது:

2025 ஜனவரியில் குழந்தை பிறந்து ஒரே வாரத்தில் சவுத் கரோலினாவுக்கு எதிராகக் கோச்சாக வந்து நின்றாரே, அவர்தானே? முறை பிடிக்கிறதோ இல்லையோ, அவருக்கு நான்கைந்து வருடமாவது கொடுக்கட்டும். ஹார்ப்பருக்கு அவசரப்பட்டது போல இவருக்கும் அவசரப்பட்டால் டென்னஸிக்காரர்களை நான் மன்னிக்க மாட்டேன். அடியா பார்ன்ஸுக்கு அரிசோனா அப்படிப் பொறுமை காட்டியது. அவர் ஆடிய அதே கல்லூரி. இரண்டாவது சீசன் 6 வெற்றி, 24 தோல்வி, வேறு இடமாக இருந்தால் பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். மூன்று வருடத்தில் 2021 இறுதி ஆட்டத்துக்கு வந்து, அதே ஸ்டான்ஃபோர்டிடம் 54-53 என்று தோற்றார்கள். வைகறை, அந்த ஆட்டம் முழுசாகக் கிடைத்தால் பாருங்கள், முக்கியமாகக் கடைசி ஆறு நொடி.